டிசம்பரில் பிறந்தவன்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கி எழுதித் தந்தது.)



"அமெரிக்காவில் ஆறு வருஷம் இருந்திருக்கிறாய், அந்த அனுபவத்தைப் பற்றிப் பேசு" என்று செயலாளர் சொன்னார். அங்கே ரோடு நன்றாக இருக்கும், குளிர் அதிகம், இட்லி மாவு புளிக்காது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதனால் நான் அதைப் பேசப் போவதில்லை. நான் பார்த்தே இராத ஒரு பையனைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் பிறப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, 1971 பிப்ரவரியில், வியட்நாமில் செத்துப்போனவன். இருபது வயது. அவன் விரும்பிப் பட்டாளத்தில் சேரவில்லை. கட்டாய ராணுவச் சேவைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவன் பெயரை இங்கே சொல்லவில்லை. அது அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம்.

2013-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் எனக்கு வேலை. ஒரு பெரியவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். அவரும் நம்ம ஆள்தான், மெக்கானிக்கல் இன்ஜினியர். எஃகு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார். குளிர்காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வாசலில் பனியைத் தள்ளுவோம். பிறகு அவர் காப்பி போட்டுத் தருவார். நம்ம ஊர்க் காப்பி மாதிரி இருக்காது. ஆனால் சூடாக இருக்கும்.

மாடிப்படிச் சுவரில் இரண்டு ஃபிரேம் மாட்டியிருக்கும். ஒன்று அவருடைய பட்டச் சான்றிதழ். இன்னொன்று ஒரு இளைஞனின் போட்டோ. காரில் சாய்ந்து நிற்பான், கையில் ஸ்பேனர், முகமெல்லாம் சிரிப்பு. நாலு வருஷம் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். 2017-ல் ஒருநாள்தான் கேட்டேன், "உங்க பையனா?" என்று.

"தம்பி. நாற்பத்தாறு வருஷமா அவனுக்கு இருபது வயசு" என்றார்.

அன்றைக்குக் காப்பி ஆறிப்போயிற்று. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நடுநடுவே நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அப்போது அமெரிக்காவில் பதினெட்டு வயது ஆன ஆண்பிள்ளைகள் எல்லோரும் ராணுவத் தேர்வு அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வகைக் குறியீடு தருவார்கள். 'ஒன்-ஏ' என்றால் கூப்பிட்டதும் போக வேண்டும். கல்லூரியில் படிக்கிறவனுக்கு 'டூ-எஸ்'. படித்து முடிக்கும்வரை கூப்பிட மாட்டார்கள். 1964 ஆகஸ்டிலிருந்து 1973 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இப்படி எடுத்தார்கள். எல்லோரும் வியட்நாமுக்குப் போகவில்லை என்றாலும், அங்கே இறந்தவர்களில் பத்தில் மூன்று பேர் கட்டாயத்தில் போனவர்கள்.

பெரியவர் வீட்டில் இரண்டு பையன்கள். அண்ணன் 1948 மார்ச்சில் பிறந்தவர். தம்பி 1950 டிசம்பர். அப்பா ஆலைத் தொழிலாளி. கல்லூரிக் கட்டணம் ஒரு பிள்ளைக்குத்தான் கட்ட முடியும். "அவன் போகட்டும். எனக்குக் கை இருக்கு" என்று தம்பி சொன்னானாம். ஸ்கூல் முடித்ததும் கார் மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்துவிட்டான். வாங்குகிற வாரக் கூலியில் பாதியை அம்மாவிடம் கொடுப்பான். அது அண்ணனின் புத்தகத்துக்கும் ஹாஸ்டலுக்கும் போயிற்று.

ஆக, அண்ணன் டூ-எஸ். தம்பி ஒன்-ஏ. புரிகிறதா? கல்லூரி ஸீட்டு என்பது அந்தக் காலத்தில் அங்கே வேலைக்கான வழி மட்டும் இல்லை. உயிருக்கே அது ஒரு கேடயமாக இருந்தது. அந்தக் கேடயம் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

யாரை முதலில் கூப்பிடுவது என்பதில் பாரபட்சம் இருக்கிறது என்று நாடு முழுக்கப் புகார். அதனால் குலுக்கல் முறை கொண்டுவந்தார்கள். 1969 டிசம்பர் 1-ம் தேதி, வாஷிங்டனில், டெலிவிஷன் காமிரா முன்னால் நடந்தது. லீப் வருஷத்தையும் சேர்த்து 366 தேதிகள். ஒவ்வொரு தேதியையும் ஒரு சீட்டில் எழுதி நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிக்குள் போட்டார்கள். குப்பிகளைக் கண்ணாடி ஜாடியில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு நம்பர் ஒன்று. 1944 முதல் 1950 வரை பிறந்த அத்தனை பேர் தலையெழுத்தும் அந்த ஒரு ஜாடிக்குள். கடைசியில் 195-ம் நம்பர் வரைக்கும் கூப்பிட்டார்கள்.

அண்ணன் அன்றைக்கு ஹாஸ்டல் டி.வி. அறையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்த தேதிக்கு இருநூறுக்கு மேலே நம்பர். படிப்பு முடிந்த பிறகும் அவரைத் தொட மாட்டார்கள். வீட்டுக்குப் போன் போட்டார். தம்பிதான் எடுத்தான்.

"எடுத்ததும் என் நம்பர் என்னன்னு கேட்டான். சொன்னேன். 'அப்பாடா, அம்மாவுக்கு ஒரு கவலை விட்டுது'ன்னான். அவன் நம்பரை அவனா சொல்லலை. நான் கேட்டப்புறம்தான் சொன்னான். நூத்துக்குள்ள இருந்தது."

இதைச் சொல்லும்போது பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, இங்கே ஒரு தொழில் விஷயம். ஜனவரிக் குப்பிகளை முதலில் பெட்டியில் போட்டார்கள். பிறகு பிப்ரவரி, மார்ச் என்று மாதம் மாதமாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே வந்தார்கள். டிசம்பர் கடைசி. அதனால் டிசம்பர்க் குப்பிகள் சரியாகக் கலக்கவே இல்லை. ஒழுங்காகக் கலந்திருந்தால் எந்த மாதத்தின் சராசரி நம்பரும் 183 அல்லது 184-ஐ ஒட்டி வர வேண்டும். நம்ம ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார் வகுப்பில் தூங்கியவர்களுக்கும் இது தெரியும். ஆனால் மார்ச் மாதத்தின் சராசரி 225.8. டிசம்பரின் சராசரி 121.5. 1970 ஜனவரியிலேயே புள்ளியியல் நிபுணர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அடுத்த குலுக்கலுக்கு, 1970 ஜூலையில், தேதிக்கு ஒரு உருளை, நம்பருக்கு ஒரு உருளை என்று தனித்தனியாக வைத்து முறையைத் திருத்தினார்கள். முதல் குலுக்கலை மட்டும் ரத்து செய்யவில்லை. அதில் நம்பர் விழுந்தவனுக்கு விழுந்ததுதான்.

பெரியவர் சொன்னார்: "நான் வாழ்க்கை முழுக்க மிஷினோட இருந்தவன். ஒரு டிரம்மை எவ்வளவு நேரம் சுத்தணும்னு எனக்குத் தெரியும். இன்னும் ஒரு மணி நேரம் யாராவது அதைச் சுத்தியிருந்தா அவன் போயிருக்க மாட்டான்னு சொல்ல முடியாது. ஆனா போகாம இருந்திருக்கலாம். அந்த 'லாம்' இருக்கே, அதுதான் தூங்க விடாது."

அழைப்பாணை 1970 வசந்த காலத்தில் வந்தது. அந்தக் கடிதம் 'வாழ்த்து' என்ற சொல்லோடுதான் தொடங்குமாம். கொஞ்ச மாதம் பயிற்சி. வருஷக் கடைசியில் வியட்நாம், காலாட்படை. ஒரு வருஷம் இருந்துவிட்டால் திரும்பிவிடலாம். தம்பி காலண்டரில் நாள் அடித்துக்கொண்டு வந்தான். மூன்றாவது மாதம் கண்ணிவெடி.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1969-ல் அங்கே 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் துருப்புகள் இருந்தன. அந்த வருஷமே திரும்ப அழைக்கவும் தொடங்கிவிட்டார்கள். இவன் போனது, மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில். பாரிஸ் ஒப்பந்தம் 1973 ஜனவரியில். கட்டாயச் சேர்ப்பும் அந்த வருஷத்தோடு நின்றுபோயிற்று. வாக்குரிமை வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த அரசியல் சட்டத் திருத்தம் 1971 ஜூலையில்தான் நிறைவேறியது. அவன் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. தன்னைப் போருக்கு அனுப்பியவர்கள் யாரையும் அவன் தேர்ந்தெடுக்கவில்லை.

2017 அக்டோபரில் கம்பெனி வேலையாக நான் வாஷிங்டன் போக வேண்டியிருந்தது. பெரியவர் ஒரு உதவி கேட்டார். அங்கே வியட்நாம் போர் நினைவுச்சுவர் இருக்கிறது. அதில் தம்பி பெயர் இருக்கும். காகிதத்தில் படியெடுத்துக் கொண்டுவர முடியுமா?

"நீங்க போனதே இல்லையா?" என்றேன். சுவர் எழும்பி முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. காரில் போனால் சில மணி நேரம்தான்.

"அந்தக் கல்லுல பார்க்கிறவன் முகம் தெரியும்னு சொல்றாங்க. அவன் பேருக்கு மேல என் கிழட்டு முகத்தைப் பார்க்கணுமா? எனக்குத் தைரியம் இல்லைப்பா."

சிவில் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விவரம். அந்தச் சுவரை வடிவமைத்தவர் மாயா லின். 1981-ல் நடந்த போட்டியில் 1,421 வடிவங்கள் வந்தன. ஜெயித்தபோது அவருக்கு 21 வயது, யேல் பல்கலைக்கழக மாணவி. 1982 நவம்பர் 13-ல் திறப்பு விழா. இரண்டு சுவர்கள், ஒவ்வொன்றும் சுமார் 75 மீட்டர் நீளம். ஓரத்தில் ஒரு சாண் உயரத்தில் தொடங்கி, இரண்டும் சேரும் மூலையில் பத்தடி உயரம் வரும். தரைக்கு மேலே எழுப்பிய கட்டடம் இல்லை. பூமியை வெட்டி, வெட்டின பக்கத்துக்குக் கல் பதித்த மாதிரி இருக்கும். பாதை மெதுவாகக் கீழே இறங்கும். நடக்க நடக்கப் பெயர்கள் முழங்காலுக்கு வரும், மார்புக்கு வரும், தலைக்கு மேலே போய்விடும். படி கிடையாது, தூண் கிடையாது, சிங்கம் கிடையாது. 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பதவி போடவில்லை. தளபதியும் சிப்பாயும் ஒரே எழுத்து அளவு. அகர வரிசையும் இல்லை. இறந்த நாள் வரிசை. ஒரே நாளில் செத்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள்.

அந்தக் கருங்கல் எங்கிருந்து போனது தெரியுமா? பெங்களூர்ப் பக்கத்திலிருந்து! முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறும் என்பதற்காகத் தேடி எடுத்த கல். வெர்மான்ட் மாநிலத்தில் அறுத்து, டென்னசியில் எழுத்துப் பொறித்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பெரியவரை மிரட்டிய அந்தக் கல் நம்ம பக்கத்துக் கல்.

தம்பி பெயர் மேற்குச் சுவரில், மூலைக்குப் பக்கத்தில், எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அங்கே தொண்டர்கள் இருக்கிறார்கள். ஒரு வயதான அம்மாள் ஏணியைக் கொண்டுவந்து வைத்தார். நீளக் காகிதமும் பென்சிலும் கொடுத்தார். சின்ன வயதில் காசின் மேல் காகிதத்தை வைத்துத் தேய்ப்போமே, அதே வேலைதான். ஏணியில் ஏறித் தேய்க்க ஆரம்பித்தேன். எழுத்து ஒவ்வொன்றாக வெள்ளையாக மேலே வந்தது. பக்கத்தில் சின்ன வைரக் குறி. இறந்தது உறுதி என்று அதற்கு அர்த்தம். சிலுவைக் குறி இருந்தால் காணாமல் போனவர்.

முடித்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். கல்லில் என் முகம்.

அப்போது எனக்கு வந்த நினைப்பை இத்தனை பேர் முன்னால் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் அண்ணன் ஞாபகம் வந்தது. 2004-ல் கவுன்சலிங்கில் எனக்கு இந்தக் கல்லூரி ஸீட்டு கிடைத்தபோது அப்பா இல்லை. அண்ணன் பிளஸ் டூவில் என்னைவிட ஒன்றும் குறைந்த மார்க் இல்லை. இரண்டு வருஷம் முன்பே படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கட்டிங் மாஸ்டரிடம் வேலைக்குப் போய்விட்டார். என் நாலு வருஷ ஃபீஸில் பெரும்பகுதி அவர் ஓவர்டைம். நம்ம ஊரில் போர் இல்லை, கட்டாயப் பட்டாளம் இல்லை. அதனால் என் அண்ணன் உயிரோடு இருக்கிறார். அந்தப் பெரியவருக்கும் எனக்கும் அந்த ஒன்றுதான் வித்தியாசம்.

அங்கிருந்தே போன் செய்தேன். நம்ம ஊரில் ராத்திரி பதினொன்றரை. "என்னடா இந்நேரத்துக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். "சும்மாதான்ணா. நீ என்னைப் படிக்க வெச்சியே, அதுக்கு நான் ஒருநாள்கூட ஒண்ணும் சொன்னதில்லை" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "குடிச்சிருக்கியா?" என்றார்.

சிரியுங்கள், பரவாயில்லை. நானும் சிரித்தேன். அப்படிச் சிரிப்பதற்கு அந்தப் பெரியவருக்கு வழி இல்லை.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவரில் வியட்நாம் மக்கள் பெயர் கிடையாது. அவர்கள் பக்கம் 11 லட்சம் போர்வீரர்களும் 20 லட்சம் வரையில் பொதுமக்களும் இறந்ததாக வியட்நாம் அரசு 1995-ல் அறிவித்தது. அதே எழுத்து அளவில், அதே உயரத்தில் அவர்களுக்கும் சுவர் எழுப்பினால் எட்டு கிலோமீட்டர் போகும். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர்களிலும் எத்தனையோ பேர் கட்டாயத்தில் வந்தவர்கள். அவர்களுக்கும் அண்ணன் தம்பி இருந்திருப்பார்கள்.

ஊர் திரும்பிக் காகிதத்தைக் கொடுத்தேன். பெரியவர் சமையலறை மேஜையில் விரித்து, ஓரத்தில் உப்பு ஜாடியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அவன் பேர் ஒரு டிப்ளமாவுல வரணும்னு அம்மாவுக்கு ஆசை. கல்லுல வந்திருக்கு" என்றார். பிறகு எழுந்து போய் மாடிப்படிச் சுவரிலிருந்து தன் பட்டச் சான்றிதழைக் கழற்றினார். பின்பக்க அட்டையைப் பிரித்து, சான்றிதழுக்குக் கீழே அந்தக் காகிதத்தை வைத்து, திரும்ப மூடி, அதே ஆணியில் மாட்டினார். ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். நேராகத்தான் இருந்தது.

அடுத்த மாதம், திறப்பு விழா நடந்து முப்பத்தைந்து வருஷம் ஆன சமயத்தில், என்னைக் கூட்டிக்கொண்டு அவரே வாஷிங்டன் வந்தார். சுவர்ப் பக்கம் போனதும் நான் பின்தங்கி நின்றுகொண்டேன். அது அண்ணன் தம்பி விஷயம்.

2019-ல் நான் ஊருக்கே வந்துவிட்டேன். ஒவ்வொரு டிசம்பரிலும், தம்பி பிறந்த நாளன்று, பெரியவருக்குப் போன் செய்வேன். "இன்னிக்கும் அவனுக்கு இருபதுதான்" என்பார்.

நண்பர்களே, இந்த மலரில் பதக்கம் வாங்கியவர்கள் பெயர் வருகிறது, நன்கொடையாளர்கள் பெயர் வருகிறது. மகிழ்ச்சி. ஆனால் நம் ஒவ்வொருவர் சான்றிதழுக்கும் கீழே இன்னொரு பெயர் இருக்கிறது. ஒரு அக்கா படிப்பை நிறுத்தியிருப்பாள், ஒரு தம்பி பட்டறைக்குப் போயிருப்பான். அந்தப் பெயரை மறக்காதீர்கள். ஒருவன் ஸீட்டு கிடைத்துத் தப்பிக்கும்போது, ஸீட்டு கிடைக்காதவன்தான் ஜாடிக்குள் போகிறான். குலுக்குகிற கை நம்முடையதாக இருக்கும் நாளில், இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக் கலக்குங்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இடம் கிடைத்தும் பணம் கட்ட முடியாமல் சேராமல் போகிற பிள்ளைகள் வருஷம் ஒருவர் இருவராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு நாலு வருஷ ஃபீஸை நம் சங்கம் ஏற்க வேண்டும். முதல் வருஷத் தொகையைப் பொருளாளரிடம் இன்று காலையிலேயே கொடுத்துவிட்டேன். யார் பெயரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

என் அண்ணனையும் இன்றைக்கு வரச் சொல்லியிருந்தேன். "ஆர்டர் அவசரம், நீ போய்ப் பேசிட்டு வா" என்றுவிட்டார். ஆகையால் அவர் சார்பிலும், டிசம்பரில் பிறந்த அந்தப் பையன் சார்பிலும், பொறுமையாகக் கேட்டதற்கு உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.